மூட்டு மாற்றுச் சத்திர சிகிச்சையும் இரத்தச் சிக்கனமும்

தேய்ந்துபோன இடுப்பு மூட்டை அகற்றி, அதனிடத்தில் உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்தும் முறையை 1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்னும் நிபுணர் நிலைபெறச் செய்தார். முழங்கால் மூட்டுக்கும் இத்தகைய சிகிச்சை பின்னர் வழக்கத்திற்கு வந்தது. ஒரு காலத்தில் செல்வர்களுக்கே எட்டியதாயிருந்த இச்சிகிச்சை இன்று ஜில்லாத் தலைநகரங்களிலும் நடைபெறுகிறது. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விலை விதித்தது. பெரும்பாலும் பயன்படும் கோபால்ட்–குரோமியம் மூட்டுக்கு, வரி நீங்கலாக, ரூ. 54,720 என்று அப்பொழுது நிர்ணயிக்கப்பட்டது. மூட்டின் விலையைப் பற்றி அன்று நாடெங்கும் பேசப்பட்டது. ஆயினும் இச்சிகிச்சையில் செலவாகும் மற்றொரு பொருளைப் பற்றி அவ்வளவாக எவரும் விசாரிப்பதில்லை. விலை கொடுத்தும் விளைவிக்க இயலாத அப்பொருள், இரத்தமேயாகும்.

இப்பொருளின் அருமை கேரள ராஜ்யத்தின் கிழக்கு எல்லையில் வாழ்வோருக்கு நன்கு தெரியும். பாலக்காடு ஜில்லாவின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடிப் பகுதிகளும், இடுக்கி ஜில்லாவின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு தாலுகாக்களும் ஆனைமலைத் தொடருக்கு இருபுறமும் ஒன்றையொன்று தொடாமல் கிடப்பினும், இரண்டிற்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் தேதியன்று வகுக்கப்பட்ட ராஜ்ய எல்லையைப் பார்த்து நோயாளிகள் வழி தேர்வதில்லை. கொழிஞ்சாம்பாறையார் வாளையாற்றைக் கடந்தும், அட்டப்பாடியார் ஆனைகட்டி வழியாகவும் கோயம்புத்தூருக்குச் செல்வதுண்டு. மறையூரிலிருந்து சின்னாறு வழியே உடுமலைப்பேட்டை, பூப்பாறையிலிருந்து போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித் தேனி, குமுளியிலிருந்து கம்பம். கோட்டயத்திற்கோ எர்ணாகுளத்திற்கோ செல்வோரும் மலையிறங்கியே ஆக வேண்டும்.

இவ்வாறு மலையிறங்கும் ஒருவருக்கு இரத்தம் தேவைப்படலாம் என்று ஆஸ்பத்திரி கருதினால், உறவினர் இருவர் மூவரைக் கொடையாளராக அழைத்து வருமாறு சொல்லப்படுவதுண்டு. பணத்திற்கு இரத்தம் விற்கும் வழக்கத்தை ஒழிக்குமாறு சுப்ரீம் கோர்ட் 1996-ஆம் ஆண்டில் பணித்ததன் விளைவாக, 1998-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அது தடை செய்யப்பட்டது நன்மையே. ஆனால் தன்னார்வக் கொடை போதாத இடங்களில் அச்சுமை உறவினர் மேல் இறங்கியது. கொடையாளருக்கு 45 கிலோவேனும் எடை இருக்க வேண்டும்; இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 12.5 கிராம் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். எஸ்டேட் லயத்திலிருந்து ஒரு நாட்கூலியை இழந்து பஸ் ஏறிவரும் தங்கையும் மைத்துனியும், எடை குறைவென்றோ இரத்தம் குறைவென்றோ திருப்பி அனுப்பப்படுவது அரிதன்று. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் மூணாறை அடுத்த பெரியவரைப் பாலம் இடிந்து மறையூர்ச் சாலை துண்டிக்கப்பட்டதை நினைத்தால், மழைக்காலத்தில் கொடையாளரைத் திரட்டுவதும் வேறிடத்திலிருந்து இரத்தம் தருவிப்பதும் எத்தகையவை என்பது விளங்கும். பிரித்தெடுத்த சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் 35 அல்லது 42 நாட்களுக்கு மேல் அவை பயன்படா. ஆகவே மிகுதியாகச் சேர்த்து வைப்பதும் வழியன்று.

இரத்தம் ஏன் இவ்வளவு செலவாகிறது என்பதை முதலில் பார்ப்போம். முழங்கால் மூட்டை மாற்றும்பொழுது தொடை எலும்பின் அடிமுனையும் கணைக்கால் எலும்பின் தலைமுனையும் அறுக்கப்படுகின்றன. அறுபட்ட இரத்தக்குழாயைக் கட்டிவிடலாம். அறுபட்ட எலும்பின் மஜ்ஜையைக் கட்ட இயலாது. தொடையில் பட்டையை இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்திவைப்பதால், சிகிச்சை நடக்கையில் மேசை மீது அதிக இரத்தம் தென்படாமலிருக்கலாம். பட்டை தளர்ந்த பின்னரே கசிவு தொடங்கி, மூட்டின் உள்ளும் தசைகளின் ஊடும் மறைவாகத் தேங்குகிறது. தடுப்பு முறைகள் எவையும் கையாளப்படாவிடில், கண்ணில் பட்டதும் படாததுமாக முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரையும், சிலருக்கு அதற்கு மேலும் இழப்பு நேர்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் உள்ள இரத்தம் ஏறத்தாழ மூன்றரை லிட்டரே. மேலை நாட்டு நூல்களில் சொல்லப்படும் அதே இழப்பு, சிறிய உடல்வாகு கொண்ட தோட்டத் தொழிலாளிக்குப் பெரிய பங்காகிவிடுகிறது.

இக்கசிவு நீடிப்பதற்கு உடலே ஒரு வகையில் காரணம். உறைந்த இரத்தத்தைக் கரைத்துக் குழாய்களைத் திறந்து வைக்கும் பொறுப்பு பிளாஸ்மின் என்னும் பொருளினுடையது. சத்திர சிகிச்சையின் அதிர்ச்சியால் அது வேண்டாத நேரத்தில் மும்முரமாகி, காயத்தை அடைத்து நிற்கும் உறைகட்டியையும் கரைக்க முற்படுகிறது. இதைத் தடுக்கும் பொருளைத் தேடியவர்கள் ஜப்பானிய விஞ்ஞானிகளான உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகே ஒகமோட்டோவும் ஆவர். போருக்குப் பிந்தைய வறுமையில் கெயோ பல்கலைக்கழகத்தில் அவர்கள் இரத்தத்தை ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு: வேறொன்றும் வாங்க வழியில்லாவிடினும் தத்தம் உடலிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அவ்வம்மையார் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். டிரானெக்ஸாமிக் அமிலம் என்னும் மருந்தைப் பற்றி அவர்கள் அறிவித்தது, சார்ன்லியின் மூட்டு நிலைபெற்ற அதே 1962-ஆம் ஆண்டிலேயாம். ஒரே ஆண்டில் உலகிற்கு வந்த இவ்விரண்டும் ஒரு மேசையில் சந்திக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்பது வைத்திய வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இம்மருந்து பிளாஸ்மின் உண்டாகும் மூலப்பொருளைப் பற்றிக்கொண்டு, அது உறைகட்டியில் ஒட்டாதபடி தடுக்கிறது. விபத்துக்குள்ளான 20,000-க்கும் மேற்பட்டோரிடம் இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளில் நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இம்மருந்து பெற்றோரிடையே மரணம் குறைவாயிருந்தது. மறு ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்த உபயோகத்திற்காக அது இடம்பெற்றது. இருதயம் அல்லாத பிற சத்திர சிகிச்சைகளுக்கு உட்பட்ட 9,535 பேரை ஆராய்ந்து 2022-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, கடுமையான இரத்தப்போக்கு நூற்றுக்கு 11.7-இலிருந்து 9.1-ஆகக் குறைந்தது. மூட்டு மாற்றத்தில் பயன் இன்னும் தெளிவு. இரத்தம் ஏற்றும் தேவை ஏறத்தாழப் பாதியாகவோ அதனினும் கூடுதலாகவோ குறைவதைப் பல ஆராய்ச்சிகள் ஒருமுகமாகக் காட்டியுள்ளன. கீறலுக்கு முன் சிரையில் செலுத்தும் ஒரு கிராம் அளவான மருந்து இது. விலையும் அதிகமன்று. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இரத்தக்குழாய் அடைப்பு ஏற்பட்டவர்களுக்கு யோசித்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு இதைக் கொடாமல் விடுவதற்குத் தக்க காரணம் காண்பது கடினம்.

மருந்தைவிட மலிவான சிக்கனம் ஒன்றும் உண்டு; அது பழக்கத்தை மாற்றுவது. ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இறங்கினால் இரத்தம் ஏற்ற வேண்டும் என்ற விதி 1942-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு வைத்தியர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து பரவி, அரை நூற்றாண்டுக்கு மேல் கேள்வியின்றிப் பின்பற்றப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைச் சோதித்தது. இடுப்பெலும்பு முறிந்து சத்திர சிகிச்சை பெற்றவர்களும், இருதய நோய் உள்ளவர்களோ அதற்கு இடமுள்ளவர்களோ ஆன முதியோருமான 2,016 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பத்துக்குக் கீழேயும், மறு பிரிவினருக்கு எட்டுக்குக் கீழே அல்லது அறிகுறி தோன்றினால் மட்டுமேயும் இரத்தம் ஏற்றப்பட்டது. முதற்பிரிவிற்கு 1,866 அலகுகள் செலவாயின. இரண்டாவதற்கு 652 அலகுகளே போதுமாயின. அறுபது நாட்களுக்குப் பின்னர் பார்த்தபொழுது மரணத்திலோ நடக்கும் ஆற்றலிலோ இரு பிரிவினருக்கும் வேற்றுமையில்லை. ஆயிரத்து இருநூறு அலகுகள் பயனின்றி ஏற்றப்பட்டன என்று பொருள். ‘இரண்டு பாட்டில் ஏற்றிவிட்டால் தெம்பு வரும்’ என்று நோயாளியின் வீட்டாரே வற்புறுத்தும் இடங்களில், இவ்வெண்களைப் பொறுமையாக எடுத்துரைப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதியாகும். ஓர் அலகு ஏற்றி, மறுபடி சோதித்து, தேவையெனில் மட்டுமே இரண்டாவதைத் தொடுவது தக்க முறை.

ஆயினும் இவையெல்லாம் ஆஸ்பத்திரி வாயிலுக்குள் நடப்பவை. எல்லைப்புற மலைகளைப் பொறுத்தமட்டில், காரியம் கெடுவதோ சீர்படுவதோ வாயிலை அடைவதற்குச் சில வாரங்களுக்கு முன்பேயாகும். கணக்கு எளியது. மூட்டு மாற்றத்திற்குப் பின் ஹீமோகுளோபின் இரண்டு மூன்று கிராம் இறங்குவது சாதாரணம். பதின்மூன்றோடு மேசையேறியவர் பத்தோடு இறங்குவார். அவருக்கு இரத்தம் வேண்டியதில்லை. பத்தோடு ஏறியவர் ஏழோடு இறங்குவார். அவருக்கு எந்த மருந்தும் முழுமையாகத் துணை நில்லாது. யாருக்கு இரத்தம் ஏற்ற நேரும் என்பதை முன்னறிவிக்கும் குறிகளில் தலையானது, சிகிச்சைக்கு முந்தைய ஹீமோகுளோபினே.

மலைத்தோட்டங்களில் அந்த எண் தாழ்ந்திருப்பதற்குக் காரணங்கள் பல. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும் கொக்கிப்புழு குடலில் தங்கி நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தத்தை உறிஞ்சுகிறது. உணவோடு அருந்தும் தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள், தானியங்களிலும் கீரைகளிலும் உள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவொட்டாமல் தடுக்கிறது. தேயிலையைப் பறிப்பவரின் இரத்தத்தைத் தேயிலையே குறைப்பது வருந்தத்தக்க வேடிக்கை. சாப்பாட்டிற்கும் கட்டன் சாயாவிற்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டாலே இத்தீங்கு பெரிதும் நீங்கும். மூன்றாவது காரணம் அதிகம் கவனிக்கப்படாதது. மூட்டு வலிக்காக ஆண்டுக்கணக்கில் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோபினாக், இபுபுரூபன் முதலிய வலி மாத்திரைகள் இரைப்பையிலும் குடலிலும் புண்ணை உண்டாக்கி, வெளியே தெரியாமல் இரத்தம் கசியச் செய்கின்றன. எந்த வலி நோயாளியைச் சத்திர சிகிச்சைக்குத் துரத்துகிறதோ, அதே வலி அவரை இரத்தமற்றவராக்கியும் அனுப்புகிறது. முதியோரின் சோகை எல்லாம் இரும்புக் குறைவால் வருவதும் அன்று. சிறுநீரகக் கோளாறும், பி-12 குறைவும், சிலவேளை குடலில் வளரும் புற்றுநோயும் இதே முகத்தோடு தோன்றும். ஆகையால் இரத்தம் ஏற்றிச் சோகையை மூடிவிடுவது, சிலருக்கு நோயையே மூடிவிடுவதாக முடியலாம்.

இவ்வளவு தெரிந்திருந்தும், மூட்டு மாற்றம் வேண்டும் வயதினரின் ஹீமோகுளோபினைப் பார்ப்பது எவருடைய கடமையாகவும் இல்லை. 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தொடங்கிய சோகையற்ற பாரதம் திட்டம் ஆறு வகையினரைக் குறிக்கிறது: குழந்தைகளும் சிறுவரும் வளரிளம் பருவத்தினரும் கருவுறும் வயதுப் பெண்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும். கேரள அரசாங்கம் 2023-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘விவ கேரளம்’ இயக்கம் பதினைந்து முதல் ஐம்பத்தொன்பது வயதுவரையுள்ள பெண்களைச் சோதிக்க முற்பட்டது. தாயையும் சேயையும் முன்னிறுத்தியது சரியே. அதில் எவருக்கும் மாறுபாடிராது. ஆனால் அறுபது வயதில் முழங்கால் மடங்காமல் படியிறங்கும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, பெண்ணாயினும் ஆணாயினும், இவ்விரு வட்டத்திற்கும் வெளியே நிற்கிறார்.

புதிய திட்டம் ஒன்று வகுக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டில் ஆர்த்ரம் இயக்கம் தொடங்கிய பின்னர் கேரளத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப சுகாதார நிலையங்களாக மாற்றியமைக்கப்பட்டு வந்துள்ளன. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் அங்கே தவறாமல் வந்து மாத்திரை பெற்றுச் செல்பவர்களில் பெரும்பகுதியினர் இதே முதியோர்தாம். எல்லைக்கு இப்புறம் 2021-ஆம் ஆண்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடியே செல்கின்றனர். சர்க்கரை பார்ப்பதற்கு விரல் நுனியில் எடுக்கும் துளியோடு இன்னொரு துளி எடுத்தால் ஹீமோகுளோபினும் தெரிந்துவிடும். முழங்கால் வலியென்று முதன்முறை சொல்பவருக்கு அன்றே இதைச் செய்து, குறைவாயிருப்பின் காரணத்தை ஆராய்ந்து, இரும்பு மாத்திரையும் தேவையெனில் பூச்சி மருந்தும் தொடங்கிவிட்டால், பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்கும் காலத்திற்குள் எண் உயர்ந்திருக்கும். அனுப்பும் சீட்டில் அந்த எண்ணையும் தேதியையும் எழுத ஓர் இடம் ஒதுக்கவேண்டும். ஒரு ராஜ்யத்தின் சீட்டை மறு ராஜ்யத்தில் படிப்பதில் மொழியால் நேரும் சங்கடங்கள் பல, 9.4 என்ற எண்ணுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

இதற்கு மறுப்புகள் இல்லாமலில்லை. பெரிய வயிற்றுச் சத்திர சிகிச்சைக்கு முன் இரும்பைச் சிரை வழியே செலுத்திப் பார்த்த பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்று 2020-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 487 பேரிடம் நடந்த அதில் இரத்தம் ஏற்றும் தேவை குறையவில்லை. இம்முடிவை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அந்நோயாளிகளில் பெரும்பாலோர் புற்றுநோய் முதலிய கொடிய நோயால் வாடியவர்கள். மருந்துக்கும் சிகிச்சைக்கும் இடையே சிலருக்குப் பத்து நாட்களே கிடைத்தன. மலைநாட்டின் மூட்டு நோயாளிக்கோ மாதங்கள் கிடைக்கின்றன. வலியால் துடிப்பவரை இன்னும் காத்திருக்கச் சொல்வது கொடுமையல்லவா என்பது மற்றொரு மறுப்பு. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரைக் காக்க வைக்கலாகாது. அவருக்கு ஒவ்வொரு நாளும் ஆபத்து. தேய்ந்த மூட்டு அப்படியன்று. ஐந்தாறு ஆண்டுகள் பொறுத்தவர், காரணம் சொன்னால் ஆறு வாரங்களையும் பொறுப்பார். சொல்லாமல் சேர்த்துக்கொண்டு, சிகிச்சைக்கு முதல் நாள் மாலை ‘இரத்தம் போதாது, போய் வாருங்கள்’ என்று மலையேற்றி அனுப்புவதே கொடுமை.

அட்டப்பாடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1952-ஆம் ஆண்டில் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அடுத்துள்ள நீலகிரியின் பழங்குடியினரிடம் அரிவாள் வடிவச் சிவப்பணுக்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் அதே ஆண்டில் இது காணப்பட்டது. அட்டப்பாடியின் பழங்குடியினரிடையேயும் இந்நோய் உண்டு. வளைந்த சிவப்பணுக்கள் நுண்ணிய குழாய்களை அடைத்துக்கொள்வதால் தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்தமின்றி மடிந்துபோகிறது. முப்பது வயதிலேயே இடுப்பு மூட்டை மாற்ற வேண்டிய நிலை இவர்களில் சிலருக்கு வருகிறது. இவர்களிடத்தில் மேற்சொன்ன சிக்கன விதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கையாளலாகாது. சத்திர சிகிச்சைக்கு முன் இரத்தம் ஏற்றாதவர்களுக்குச் சிக்கல்கள் மிகுந்தமையால் ஓர் ஆராய்ச்சி இடையிலேயே நிறுத்தப்பட்டு, 2013-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. சோகையைக் கண்டவுடன் இரும்பு மாத்திரையை நீட்டுவதும் இவர்களுக்குப் பொருந்தாது. இரும்பு உண்மையிலேயே குறைந்துள்ளதா என்று பார்த்த பின்னரே அது கொடுக்கத்தக்கது. அதே வேளையில், பலமுறை இரத்தம் பெற்றவரின் உடல் பிறர் இரத்தத்திற்கு எதிரான பொருள்களை உண்டாக்கிக்கொள்ளுமாதலால், பின்னொரு நாள் அவருக்குப் பொருந்தும் இரத்தம் கிடைப்பதே அரிதாகிவிடுகிறது. ஆகவே மற்றோரிடம் மிச்சப்படும் ஒவ்வோர் அலகும், மிச்சம் பிடிக்க இயலாத இவர்களுக்கு உதவுவதாகும்.

2023-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் அணு சோகை ஒழிப்புத் திட்டம் நாற்பது வயதுக்குட்பட்ட பழங்குடியினரைச் சோதித்து அட்டை வழங்க வகை செய்துள்ளது. கோட்டத்தறையிலுள்ள பழங்குடியினர் சிறப்பு ஆஸ்பத்திரியிலிருந்தோ வேறு நிலையத்திலிருந்தோ மூட்டுச் சிகிச்சைக்காகக் கீழே அனுப்பப்படும் ஒவ்வொருவரின் சீட்டிலும், ஹீமோகுளோபினுக்குப் பக்கத்தில், அச்சோதனையின் முடிவும், இதுவரை எத்தனை முறை இரத்தம் ஏற்றப்பட்டது என்பதும், ஒவ்வாத இரத்த வகை ஏதேனும் கண்டறியப்பட்டுள்ளதா என்பதும் எழுதப்படுதல் வேண்டும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு அச்சோதனையை அனுப்பும் நிலையமே செய்துவிடலாம்.